சாவிக் கடிகாரமும் திறன் கடிகாரமும்

ஆம்பூரில் என் வீட்டு மர அலமாரியின் இழுப்பறை ஒன்றில் முப்பத்தேழு கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் மின்கலத்தால் ஓடுவது அன்று. சாவி கொடுத்தால் ஓடுபவை பல. அணிந்திருப்பவரின் கையசைவிலேயே தாமாகச் சாவி ஏற்றிக்கொள்பவை சில. பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவனுக்கு இத்தனை கடிகாரங்கள் எதற்கு என்று என் மனைவி கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தக்க மறுமொழி இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

மாணவ நண்பர்களே, இன்று உங்களிடம் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் என் இழுப்பறையில் இல்லாத ஒரு கடிகாரத்தைப் பற்றியது. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் என்னிடம் முன்பு படித்த ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். இவ்வூரில் காலணி ஏற்றுமதி செய்பவர் அவர். சிறிய பெட்டி ஒன்றைத் திறந்து, அதிலிருந்த கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். ஸ்மார்ட் வாட்ச் என்று எல்லோரும் சொல்லும் திறன் கடிகாரம் அது. பெயர்பெற்ற ஐரோப்பிய நிறுவனம் ஒன்று செய்தது. வெளிநாட்டு வணிகர் ஒருவர் பரிசாக அளித்தது. டைட்டானியக் கூடு, கீறல் விழாத நீலக்கல் கண்ணாடி, அழகிய தோல் வார். விலை ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குக் குறையாது என்றார்.

"சார், ஆறு வருஷந்தான் ஆகிறது. இப்போது கண் திறக்க மாட்டேன் என்கிறது. சென்னையில் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த வகைக்கு உதிரிப்பாகம் வருவது நின்றுவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் பாயிடம் ஒரு தடவை காட்டிப் பார்க்கலாமா?"

அவர் குறிப்பிட்ட பாய், கடைத்தெருவில் ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியின் பின்னால் அமர்ந்து கடிகாரம் பழுது பார்க்கும் முதியவர். என்னுடைய முப்பத்தேழையும் உயிரோடு வைத்திருப்பவர் அவரே. கடிகாரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் லென்சைக்கூட வைக்கவில்லை. "வாத்தியாரே, இதில் எனக்கு வேலை இல்லை. பசை போட்டு ஒட்டியிருக்கிறான். திறந்தாலும் உள்ளே ஒரு சக்கரம் இருக்காது" என்றார். பிறகு வாரை விரலால் தடவிப் பார்த்து, "வார் மட்டும் நல்ல வார்" என்றார்.

இந்தச் சிறு நிகழ்ச்சிதான் என்னைப் பழைய ஏடுகளின் பக்கம் திருப்பியது. நிலைத்து நிற்பதற்காகவே விலை கொடுத்து வாங்கப்பட்டு வந்த ஒரு பொருள், எவ்வாறு ஆறே ஆண்டுகளில் பயனற்றுப்போகும் பொருளாயிற்று?

கடிகாரம் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது அண்மைக் காலத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆடவர் அதைச் சங்கிலியில் கோத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தனர். மணிக்கட்டில் அணிவது பெண்களின் அணிகலன் வழக்கம் என்று எண்ணினர். அந்த எண்ணத்தை மாற்றியது போர்க்களம். நூற்றாண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் துப்பாக்கியும் பிடித்த வீரனுக்குப் பையில் கைவிட்டு மணி பார்க்க இயலவில்லை. பைக்கடிகாரத்தைத் தோல் உறையொன்றில் இட்டு, வாரால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். 1904-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கார்ட்டியே, வானூர்தி ஓட்டிய சாந்தோஸ் துமோன் என்னும் பிரேசில் நாட்டவருக்காகத் தோல் வாரோடு கூடிய கைக்கடிகாரம் ஒன்றைச் செய்தார். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் அது எல்லோருக்கும் உரியதாயிற்று. பைக்கடிகாரத்தைக் கைக்கடிகாரமாக்கியது தோல்வார்தான் என்பதைத் தோல்நகரத்துக்காரனாகிய நான் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பகுதிக்கு நிமிடக் கணக்கைக் கொண்டுவந்தது இரயில். தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 ஜூலை 1-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் அப்பாதை காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியே ஜோலார்பேட்டைக்கும் அப்பாலும் நீண்டது. அதற்குமுன் பாலாற்றங்கரையில் தோல் ஊறவைத்தவனுக்கு ஞாயிற்றின் நிழலே போதுமானதாக இருந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கலந்த நீரில் தோல் பல நாட்கள் ஊறவேண்டும். அந்த வேலைக்கு நிமிடமுள் எதற்கு? வண்டி புறப்படும் வேளை என்று ஒன்று வந்தபிறகே நிமிடத்துக்கு மதிப்பு வந்தது. அந்நாளில் நிலையக் கடிகாரங்கள் காட்டியது சென்னை நேரத்தை. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது அது. பிற்பாடு இந்திய இரயில்வேக்கள் பலவற்றுக்கும் அதுவே பொது நேரமாயிற்று. இன்று நாம் பின்பற்றும் ஐந்தரை மணிக் கணக்கு 1906 ஜனவரி 1-இல் வந்தது.

சாவிக் கடிகாரத்தின் உள்ளே நடப்பதை ஒரு முறையேனும் நீங்கள் கண்ணால் பார்க்கவேண்டும். சாவியைத் திருகும்போது ஓர் எஃகுச் சுருள்வில் இறுகுகிறது. இறுகியது விரிய முயல்கிறது. அதை அப்படியே விட்டால் சில நொடிகளில் முழுதும் விரிந்துவிடும். ஆகவே பல்சக்கரங்கள் சிலவற்றைக் கோத்து, கடைசிச் சக்கரத்தைக் கொக்கி போன்ற ஓர் உறுப்பால் தடுத்து, ஒவ்வொரு பல்லாக விடுவிக்கிறார்கள். விடுவிக்கும் தாளத்தை அளிப்பது மயிரிழை போன்ற மெல்லிய சுருளோடு இப்படியும் அப்படியும் ஊசலாடும் ஒரு சிறு சக்கரம். நொடிக்கு ஐந்து துடிப்பு. நாளொன்றுக்கு 4,32,000 துடிப்பு. தேயும் இடங்களில் செயற்கை மாணிக்கக் கற்களைப் பதித்திருப்பார்கள். பழைய கடிகாரங்களின் முகத்தில் 17 ஜுவல் என்று எழுதியிருப்பது அவற்றைத்தான். நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கினால் அது எழுநூற்றிருபதில் ஒரு பங்குப் பிழை. மனிதன் கையால் செய்து கூட்டிய இயந்திரத்துக்கு அது பெருங்குற்றம் அன்று.

என் தந்தையார் தோல் மண்டி ஒன்றில் கணக்கெழுதினார். 1968-இல் அவர் ஓர் எச்.எம்.டி. ஜனதா வாங்கினார். விடுதலை பெற்ற இந்தியாவின் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூடி 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா என்ற பெயரே ஒரு கொள்கை விளக்கம். கடிகாரம் செல்வர் வீட்டுப் பொருளாக இருந்தது போதும், எழுத்தரும் ஆசிரியரும் தொழிலாளியும் அணியட்டும் என்பது அக்காலத்தின் கனவு. எந்த ஆடம்பரமும் இல்லாத வெள்ளை முகம், பதினேழு கல், நாள்தோறும் சாவி.

அந்தக் கடிகாரத்தின் பின்மூடியைப் பாய் ஒருமுறை கழற்றி எனக்குக் காட்டினார். உட்புறத்தில் ஊசியால் கீறிய சிறு சிறு எழுத்துகள். தேதிகளும் ஏதோ சுருக்கக் குறிகளும். எண்ணினால் ஒன்பது. ஒவ்வொரு முறை பிரித்துத் துடைத்து எண்ணெய் இடும்போதும் பழுது பார்ப்பவர் இட்ட குறி அது. முதல் நான்கு பாயின் தந்தையார் கீறியவை. ஏனைய ஐந்தும் இவருடையவை. வாழ்நாளெல்லாம் மாணவர்களுக்குக் கல்வெட்டுகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவன் நான். இரண்டு தலைமுறை எழுதிய செப்பேடு ஒன்று என் தந்தையாரின் மணிக்கட்டிலேயே இருந்ததை அன்றுதான் அறிந்தேன்.

இனிக் கதையின் மறுபக்கத்துக்கு வருவோம். 1969 டிசம்பர் 25-இல் டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்னும் கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. ஊசலாடும் சக்கரம் அதில் இல்லை. மின்னோட்டம் பாயும்போது சீராக அதிரும் படிகக்கல்லே காலத்தை அளந்தது. குவார்ட்ஸ் என்று வழங்குவது அதுதான். இன்றைய குவார்ட்ஸ் கடிகாரங்களில் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள், ஒன்று வரும். அந்த ஒன்றே நொடிமுள்ளின் ஓர் அடி. முதல் அஸ்ட்ரானின் கூடு பொன். விலை 4,50,000 யென். அக்காலத்தில் ஒரு சிறு மோட்டார் வண்டியின் விலை அது. 1972-இல் அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் முள்ளே இல்லாத பல்சர் கடிகாரத்தை விற்றது. பொத்தானை அழுத்தினால் சிவப்பு ஒளியில் எண்கள் தோன்றும். அதற்கும் 18 காரட் பொற்கூடு. விலை 2,100 டாலர். சில ஆண்டுகளே சென்றன. ஒளியெண் கடிகாரங்கள் பள்ளிப்பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டன. பொன் நின்றது, பெருமை நிற்கவில்லை.

குவார்ட்ஸ் ஸ்விட்ஜர்லாந்தைக் கலக்கியது. 1970-இல் கடிகாரத் தொழிலில் அங்கு ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். எண்பதுகளின் நடுவில் அத்தொகை 30,000-ஐச் சற்றே தாண்டி நின்றது. நம் நாட்டிலும் காற்று மாறியது. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஒசூரில் தொழிற்சாலை அமைத்துக் குவார்ட்ஸ் கடிகாரங்களை அழகிய வடிவங்களில் கொண்டுவந்தது. எச்.எம்.டி.யின் செல்வாக்குத் தேய்ந்தது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதன் கடிகாரப் பிரிவை மூட ஒப்புதல் அளித்தது. அதே மாதத்தில்தான் டைட்டன், எச்.பி. நிறுவனத்தோடு சேர்ந்து ஜக்ஸ்ட் என்னும் திறன் கடிகாரத்தை வெளியிட்டது. அது முட்களையும் விடவில்லை. முகத்தின் அடியில் ஒரு சிறு மின்திரையையும் வைத்துக்கொண்டது. இரண்டு காலங்களும் ஒரே முகத்தில் அமர்ந்திருந்தன.

ஆடம்பரத் திறன் கடிகாரம் என்ற புதுப்பொருள் உலக அரங்கில் தோன்றியது அதற்கு முந்திய ஆண்டில். 2015 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரம் விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு வகைக்கு 18 காரட் பொற்கூடு. விலை 10,000 டாலரிலிருந்து 17,000 டாலர்வரை. உள்ளே இருந்த பொறியோ சில நூறு டாலர் விலையுள்ள சாதாரண வகையிலும் இருந்த அதே பொறிதான். அவ்வாண்டின் பிற்பகுதியில் பாரிஸின் ஹெர்மேஸ் நிறுவனம் தன் புகழ்பெற்ற தோல் வார்களை அக்கடிகாரத்துக்கு அளித்தது. அடுத்த ஆண்டிலேயே பொன்வகை நிறுத்தப்பட்டது. 2018-இல் வந்த புதிய மென்பொருள் முதல் தலைமுறைக் கடிகாரங்களை ஏற்கவில்லை. 2023-இல் பழுதுபார்க்கும் பணியும் முடிந்துபோன வகையாக அவற்றை நிறுவனமே அறிவித்தது. பொன்னுக்கு மட்டும் இன்றும் விலை உண்டு, உருக்கினால்.

2015 நவம்பரில் ஸ்விட்ஜர்லாந்தின் டாக் ஹாயர் நிறுவனம் தன் திறன் கடிகாரத்தை 1,500 டாலருக்கு வெளியிட்டது. அதோடு வந்த வாக்குறுதி ஒன்றை நான் மறப்பதில்லை. இரண்டாண்டு கழித்து அக்கடிகாரத்தைத் திருப்பித் தந்து, இன்னும் 1,500 டாலர் கொடுத்தால், கரேரா என்னும் சாவிக் கடிகார வகையில் ஒன்றைத் தருவார்களாம்! தாம் விற்கும் பொருளின் ஆயுளைத் தாமே அறிந்து, வெட்கமின்றி விற்பனைத் தாளிலேயே எழுதிவிட்டார்கள். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. 2017-இல் அவர்கள் செய்த மற்றொரு வகையில், மின்பொறியைக் கழற்றிவிட்டு அதே வாரிலும் பிடியிலும் சக்கரக் கடிகாரத்தையே மாட்டிக்கொள்ளவும் வழி இருந்தது.

இதன் காரணம் எளிது. திறன் கடிகாரம் நாள்தோறும் மின்னூட்டம் கேட்கிறது. அதன் மின்கலம் சில நூறு முறை ஊட்டம் பெற்றபின் வலுவிழக்கத் தொடங்கும். அதைவிடப் பெரிது, அது தனித்து வாழாத பொருள். கைப்பேசியோடும் தொலைவிலுள்ள கணினிகளோடும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவை மொழியை மாற்றிக்கொண்டால் இது ஊமையாகிவிடும். சக்கரம் தேய்ந்தால் வேறொரு சக்கரம் கடைந்துவிடலாம். கைவிடப்பட்ட மென்பொருளைப் பாய் எந்தச் சிமிட்டாவால் பிடித்து எடுப்பார்?

ஆயினும் நான் வழக்குரைஞன் அல்லன்; எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லவேண்டும். 2018-இல் வந்த ஆப்பிள் கடிகாரம் இதயத்தின் மின்துடிப்பை மணிக்கட்டிலிருந்தே வரைந்து காட்டியது. துடிப்பு ஒழுங்கு தவறுவதைக் கண்டு எச்சரிக்கும் ஆற்றல் பெற்றது. அணிந்தவர் கீழே விழுந்தால் உதவிக்கு அழைக்கவும் செய்தது. என் முப்பத்தேழு கடிகாரங்களும் சேர்ந்து அவற்றுள் ஒன்றையும் செய்யமாட்டா. எழுபதைத் தாண்டிய எனக்கு அந்த உதவி ஒருநாள் வேண்டியிருக்கலாம். ஆம்பூர்க் கடைத்தெருவில் இன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே திறன் கடிகாரம் கிடைக்கிறது. மாலையில் காலணித் தொழிற்சாலைகளின் பேருந்துகளில் வீடு திரும்பும் இளம்பெண்கள் பலர் மணிக்கட்டில் அதைக் காண்கிறேன். எண்ணிப் பார்த்தால், ஜனதா என்ற பெயருக்கு இன்று உரிமை அதற்கே. பல்சருக்கு நேர்ந்ததே மறுபடியும் நேர்ந்திருக்கிறது: பொற்கூடு போயிற்று, பொருள் மக்களிடம் வந்தது.

சாவிக் கடிகாரமோ எதிர்த்திசையில் சென்றது. ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-இல் ஆப்பிள் மட்டும் 3 கோடியே 7 இலட்சம் கடிகாரங்களை அனுப்பியது. ஸ்விட்ஜர்லாந்தின் எல்லா நிறுவனங்களும் சேர்ந்து அனுப்பியவை 2 கோடியே 11 இலட்சம். அந்நாடு அழிந்துவிடும் என்று பலர் எழுதினர். நடந்தது வேறு. 2015-இல் சுமார் 2 கோடியே 80 இலட்சம் கடிகாரங்களை 2,150 கோடி பிராங்குக்கு ஏற்றுமதி செய்த ஸ்விட்ஜர்லாந்து, 2023-இல் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சத்தை 2,670 கோடி பிராங்குக்கு ஏற்றுமதி செய்தது. எண்ணிக்கை சுருங்கியது, விலை ஏறியது. சாதாரண மனிதனின் கையைத் திறன் கடிகாரத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சாவிக் கடிகாரம் செல்வர் மாளிகைக்குத் திரும்பிவிட்டது. இதில் என்னைப் போன்று சேர்ப்பவர்களுக்கும் பங்கு உண்டு. பழைய எச்.எம்.டி.க்கு நான் கொடுக்கும் விலையைக் கேட்டால் என் தந்தையார் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போயிருப்பார்.

தோலின் கதையும் இதில் வந்து கலந்தது. 2023 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் இனித் தன் புதிய பொருள்கள் எதிலும் தோலைப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தது. தோலால் காற்றில் சேரும் கரியளவு மிகுதி என்பது அவர்கள் காட்டிய காரணம். அச்செய்தி இங்கே காலணித் தொழிலில் உள்ளோரிடையே பேச்சாயிற்று. இறைச்சிக்காக அறுத்த விலங்கின் தோலைப் பயன்படுத்தாவிட்டால் அது அழுகித்தானே போகும் என்றார் ஒருவர். அதில் உண்மை உண்டு. ஆனால் பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவனால் அந்த ஒரு விடையோடு நிறுத்திக்கொள்ள இயலாது. குரோம் உப்பிட்டுப் பதனிடும் முறை பரவியபின் கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. சட்டம் பயிலும் மாணவர் எல்லோரும் அதைப் படிக்கின்றனர். தோலைக் குறை கூறுவோருக்கு முன்னரே எங்கள் ஆறு குறை கூறிவிட்டது. ஆனால் ஆறாண்டில் எறியப்படும் மின்பொறியைச் செய்பவர், அறுபதாண்டு உழைக்கும் பொருளை எடைபோடும்போது, தம் தட்டிலும் எல்லாவற்றையும் வைத்து நிறுக்கவேண்டும் என்றே நான் கேட்பேன்.

பாய்க்கு மாணாக்கர் இல்லை. மகன் சென்னையில் கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கிறான். "அவனும் திறந்து மூடுகிற வேலைதான் செய்கிறான், வாத்தியாரே. ஆனால் பழுது பார்ப்பதில்லை, மாற்றுகிறான்" என்று ஒருநாள் சொன்னார். ஜனதாவின் மூடியில் பத்தாவது கீறலை யார் இடுவார் என்று நான் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஏற்றுமதி நண்பர் கண் திறக்காத அந்தக் கடிகாரத்தை என்னிடமே விட்டுச் சென்றார். "உங்கள் இழுப்பறையில் இருக்கட்டும், சார்" என்றார். அது அங்கே முப்பத்தெட்டாவதாகப் படுத்திருக்கிறது. அதன் வாரை மட்டும் பாய் கழற்றினார். நல்லவேளை, எல்லாக் கடிகாரங்களுக்கும் பொதுவான சுருள் ஊசியிலேயே மாட்டியிருந்தார்கள். அகலம் 22 மில்லிமீட்டர். என் தந்தையாரின் ஜனதாவுக்கு 18 போதும். கடைத்தெருவின் கோடியில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, இரு ஓரங்களையும் சீவி மெழுகுநூலால் மறுபடி தைத்து வாங்கினோம். கூலி அறுபது ரூபாய். மறுநாள் காலை ஆறு மணிக்கு, கைப்பேசியைப் பார்த்து முள்ளைத் திருத்திச் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டேன். மாலைக்குள் ஒரு நிமிடம் பின்தங்கியிருந்தது.